ரெண்டு வந்தா வளையம்

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்புல ஏதாவது ஏத்தியிருந்தா தீயைக் கம்மி பண்ணிட்டு வாங்க. இந்த அத்தியாயம் முடியுற வரைக்கும் உங்களை எழுந்திருக்க விடுறதா இல்லை. இதில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு துண்டுச் சீட்டு, அதில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போன ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்தால் ஒரு பெண்பிள்ளையின் பேர் இன்றைக்கு நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன் ஏறப்போகிறது. இப்போது மணி பதினொன்று. நேரமில்லை, ஆரம்பிக்கிறேன்.

ஆம்பூருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டை ஒட்டி, தோல் பதனிடும் ஒரு டேனரி. அதன் ஆபீஸ் அறையில் ஐந்து பேர். ஒருவருக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

முதலாளி வக்கார் அகமது, அத்தர் மணக்கும் வெள்ளைச் சட்டையில், ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஸ்டோர் இன்சார்ஜ் முனீர் அகமது கதவோரம் நின்று சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். லேப்பில் வேலை பார்க்கும் முபஷ்ஷிரா, இருபத்து நாலு வயசு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் பேர்தான் அந்த நாலு மணிப் பேர்.

மீதி இரண்டு பேர் நம்ம ஆட்கள். வேலூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் அம்பிகா. பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களைச் சோதித்தவள்; சாம்பலைப் பார்த்தே சொந்தக்காரன் முழியைச் சொல்லிவிடுவாள். அவள் கூட சமீருல்லா. முன்பு கூரியர் கம்பெனியில் இருந்தான். வாயை மூடச் சொன்னதால் வேலையை விட்டவன்.

சமீருல்லா, மேஜையில் இருந்த மக்கன் பேடாவில் மூன்றாவதை எடுத்தான். அம்பிகா முறைத்தாள்.

"இன்னாக்கா? தடயத்த நான் சாப்புடல. இது விருந்தாளிக்கு வெச்சது."

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அம்பிகா.

வக்கார் அகமது நின்றார். "எத்தினி தடவை மேடம்! வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். ஸ்டோரைப் பூட்டிட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்ட்டோம். ஆனா தோல் ஊறிக்கிட்டு இருக்கிற டிரம்மை நிறுத்த முடியாது. நாலாம் நம்பர் டிரம்முல சுண்ணாம்ப எடுக்குற வேலை. அதுக்கு அமோனியம் சல்பேட் கரைச்ச பேரல் போகணும். போனது சோடியம் சல்ஃபைடு. அரை மணி கழிச்சு அதுமேல ஆசிட் ஊத்தினாங்க. மூடியத் திறந்த சுப்பராயன் அதுல கெளம்பின விஷ வாயுவுல அப்படியே சாஞ்சிட்டான்."

"இப்போ எப்படி இருக்கார்?"

"வேலூர் ஆஸ்பத்திரில. உயிருக்கு பயமில்லைங்கறாங்க. தொண்டையில குழாய் போட்டிருக்கு, பேச முடியாது." வக்கார் மேஜையிலிருந்த சீட்டை அவள் பக்கம் தள்ளினார். "அந்த பேரல்ல கட்டியிருந்த சீட்டு. பாருங்க."

கை அகலச் சீட்டு. கழுத்தில் கம்பி. 'டிரம் 4' என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே NH₄SO₄. எழுதியவர் என்ற இடத்தில் M. நிரப்பியவர் என்ற இடத்திலும் M.

"சாவி ஆபீஸ் வராந்தா ஆணியில தொங்கும்," என்றார் முனீர், தரையைப் பார்த்துக்கொண்டே. "நாங்க தொழுகைக்குப் போறப்போ அங்க மாட்டிட்டுத்தான் போவோம். யார் வேணா எடுக்கலாம்."

"யார் வேணா இல்ல. அந்த நேரத்துல ஆபீஸ் பக்கம் இருந்தது இவ ஒருத்திதான்," என்றார் வக்கார். "வெளிநாட்டு ஷூ கம்பெனி ஆடிட் நாளைக்கு வருது. வெளி ஆள் ஒருத்தர் விசாரிச்ச ரிப்போர்ட் வேணுமாம். அதுக்குத்தான் உங்களைக் கூப்ட்டேன். நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுங்க, நான் ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடுறேன்."

"நான் ஸ்டோருக்குள்ளேயே போகல மேடம்," முபஷ்ஷிராவின் குரல் நடுங்கவில்லை; வேகமாக வந்தது. "பன்னெண்டரைக்கு சீட்டு எழுதி ஸ்டோர் ஜன்னல் பெட்டியில போட்டேன். அதோட லேப்புக்குப் போய்ட்டேன். இந்தச் சீட்டு என்னுது இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"இப்படி ஒரு பொருளே உலகத்துல கிடையாது மேடம்!"

சமீருல்லா பேடாவைக் கீழே வைத்தான். "உலகத்துல இல்லாத பொருளா? அப்போ விலையும் இருக்காது. அக்கா, ஒரு லோடு வாங்கிப் போடலாம்."

முபஷ்ஷிரா அவனைப் பார்க்கவில்லை. வக்காரின் மேஜையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்தாள். "அமோனியம்ங்கறது ஒரு ஆள் இல்ல. ஒரு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன், அஞ்சும் கை கோத்து நிக்கிற குடும்பம். மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு ப்ளஸ். சல்பேட்டும் குடும்பம்தான், ஒரு கந்தகம், நாலு ஆக்சிஜன். அதுக்கு ரெண்டு மைனஸ். ப்ளஸ்ஸும் மைனஸும் சரிக்குச் சரியாகணும். அப்போ எத்தனை அமோனியம் வேணும்?"

"ரெண்டு," என்றாள் அம்பிகா.

"ரெண்டு குடும்பம். அதனால குடும்பத்த மொத்தமா வளையத்துக்குள்ள, அதான் பிராக்கெட்டுக்குள்ள போட்டு, வெளிய ரெண்டு போடணும்." எழுதினாள்: (NH₄)₂SO₄. "வளையம் இல்லாம ஒத்தை அமோனியத்தை எழுதினா கணக்கு நிக்காது. இதை நான் தூக்கத்துல எழுதினாக்கூட வளையத்த விடமாட்டேன். இப்போ சல்ஃபைடையே எடுத்துக்கோங்க. சோடியத்துக்கு ஒரு ப்ளஸ். கந்தகம் ரெண்டு மைனஸ். அதுக்கும் ரெண்டு சோடியம் வேணும், ஆனா..."

மேஜை நுனியிலிருந்த பேனா டப்பா தடதடவென்று தரையில் கொட்டியது. அம்பிகாவின் முழங்கை பட்டுவிட்டது.

"அடடா, ஸாரி சார். போதும்மா, புரிஞ்சிடுச்சு. ரெண்டு வந்தா வளையம். அவ்வளவுதானே?"

முபஷ்ஷிரா வாயைத் திறந்தாள்.

"அவ்வளவுதான்," என்று அம்பிகாவே பதிலும் சொல்லி முடித்தாள்.

வக்கார் சிரித்தார். "நானும் காலேஜ்ல ஒரு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சவன்தான் மேடம். அவசரத்துல ஒரு வளையம் விட்டுப்போறது பெரிய விஷயமா?"

"அதேதான் நானும் யோசிக்கிறேன் சார்." அம்பிகா குனிந்து பேனாக்களைப் பொறுக்கினாள். "இப்படி இருக்கலாம். அன்னிக்கு இவ ரெண்டு சீட்டு எழுதியிருக்கா. ஒண்ணு அமோனியத்துக்கு, இன்னொண்ணு சல்ஃபைடுக்கு. பேரல்ல மாத்திக் கட்டிட்டா. அப்போ சல்ஃபைடு சீட்டு எங்கேயாவது இருக்கணும்."

"வேலை முடிஞ்ச சீட்டெல்லாம் ஸ்டோர்ல கம்பியில குத்தி வெச்சிருப்போம்," என்றார் முனீர்.

"தேடுங்க. அவ எழுத்துல, வளையம் ஒழுங்காப் போட்ட சல்ஃபைடு சீட்டு ஒண்ணு கெடைச்சுதுன்னா, மத்ததுல அவசரத்துல விட்டுட்டான்னு நானே எழுதிடுறேன். நாலு மணி வேணாம், மூணரைக்கே கையெழுத்து."

முபஷ்ஷிராவின் விரலில் துப்பட்டா இறுகிக்கொண்டது. 'நீங்களுமா' என்பதுபோல் அம்பிகாவைப் பார்த்தாள். பாவம் குழந்தை. எனக்கே அந்த நேரத்தில் அம்பிகாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

முனீர் முதலில் வெளியேறினார். சமீருல்லா வாசலில் செருப்பைத் தேடியபடி முதலாளியிடம், "வெள்ளிக்கிழமை நம்ம வேலூர் பள்ளிவாசல்ல பயான் பேச்சு ரொம்ப நீளம் சார், எனக்குக் கொட்டாவியே வந்துடுச்சு. இங்க எப்படி?" என்றான்.

"மாஷா அல்லாஹ், அருமை. கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு," என்றார் வக்கார்.

டிரம் யார்டில், வீட்டுயர மரப் பீப்பாய்கள் வரிசையாக உருண்டுகொண்டிருந்தன. நாலாம் நம்பர் மட்டும் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் போக யாருக்கும் மனசில்லை. எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்கல்.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றான் சமீருல்லா, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்து. "உங்க முழங்கைக்கு வாதமா? நான் சேந்த நாள்லருந்து ஒரு டம்ளரைக்கூட நீங்க தட்டி விட்டதில்ல."

"வழியப் பார்த்து நட."

"அந்தப் பொண்ணு 'ஆனா'ன்னுச்சு. அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் இன்னா?"

"சாயங்காலம் சொல்லுவா."

பச்சையப்பன், டிரம் ஆபரேட்டர், ஐம்பது வயசு, ரப்பர் பூட்ஸோடு நின்ற வாக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுப்பராயனைத் தோளில் போட்டு வெளியே ஓடியவர் அவர்தான். நிறுத்தி நிறுத்தி இருமினார்.

"அண்ணே, அன்னிக்கு பேரலை டிரம்முல ஊத்தினது நீங்கதானே?" என்றாள் அம்பிகா.

"நான்தாம்மா. ஸ்டோர் வாசல்ல நிரப்பி வெச்சிருந்துச்சு. சுப்பராயன் தள்ளுவண்டில தள்ளிக்கினு வந்தான். நான் ஊத்தினேன்."

"வாசனைல தெரியலியா?"

பச்சையப்பன் சுற்றிலும் கையைக் காட்டினார். "இங்க எதும்மா வாசனை, எது நாத்தம்? முப்பது வருஷமாச்சு. என் மூக்கு எனக்கு மூச்சு உட மட்டுந்தான்."

"சீட்டைப் படிச்சீங்களா?"

"எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. தமிழே எழுத்துக்கூட்டித்தான்."

"அப்புறம் எப்படிண்ணே எந்த பேரல் எங்கன்னு?" என்றான் சமீருல்லா. "மோப்பமும் இல்ல, படிப்பும் இல்ல. ஜோசியமா?"

பச்சையப்பனுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஈர விரலால் டிரம்மின் மரப்பலகையில் வரைந்தார். "வளையம் பாய், வளையம். வளையம் முன்னாடி இருந்தா அது சுண்ணாம்பு எடுக்குற உப்பு. வளையம் பின்னாடி இருந்து ரெண்டு போட்டிருந்தா அது சுண்ணாம்பு. பின்னாடி வளையம், மூணுன்னா க்ரோம். வளையமே இல்லையா? அது சல்ஃபைடு, தோலை சுண்ணாம்புல ஊற வெக்கிற லைம் யார்டுக்குப் போற சரக்கு. அதை நான் இந்தப் பக்கமே உட மாட்டேன். இங்க இருக்கிற எல்லா டிரம்காரனும் இப்படித்தான். எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, பாத்துப் பாத்து வந்துச்சு."

அம்பிகா அசையாமல் நின்றாள். அந்தப் பலகையில் ஈரத்தால் வரைந்த மூன்று வளையமும் காய்ந்து மறையும்வரை பார்த்தாள். பிறகு பையிலிருந்து வக்கார் தந்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க கைக்கு வந்தா ஊத்துவீங்களா?"

பச்சையப்பன் பார்த்த வேகத்தில் தலையை ஆட்டினார். "ஐயோ, இதுல வளையம் எங்க? இத நான் திருப்பி அனுப்பிருப்பேன். அன்னிக்கு வந்தது இது இல்லம்மா. அதுல முன்னாடி வளையம் இருந்துச்சு. நான் பாத்தேன். பிள்ளைங்க மேல சத்தியம்."

"அந்தச் சீட்டு எங்க?"

"பேரல் கழுத்துலயே கட்டியிருந்துச்சு. சுப்பராயனைத் தூக்கிக்கினு ஓடினேனா, திரும்பி வர ராத்திரி ஆச்சு. யார் வந்தாங்க, யார் எடுத்தாங்க, எனக்குத் தெரியாது."

திரும்பி நடக்கையில் சமீருல்லா சும்மா இருக்கவில்லை. "அப்போ முபஷ்ஷிரா சரியாத்தான் எழுதியிருக்கா. சரியான சீட்டு, தப்பான சரக்கு. நிரப்பினவன்தான் தப்பு பண்ணியிருக்கான். பண்ணிட்டு, அதுல தன் கையெழுத்து இருந்ததால, சீட்டையே மாத்திட்டான்."

"நல்லாத்தான் யோசிக்கிற. பேடா வேலை செய்யுது."

"நிரப்புறது யார் வேலை? முனீர் பாய் வேலை. வேர்வையப் பாத்தீங்களா? ஏசில நிக்கிறவருக்குக் குற்றாலம் மாதிரி ஊத்துது."

ஸ்டோருக்குள் மூட்டைகள் கூரை வரை. முனீர் அகமது கம்பியில் குத்திய சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் கம்பி கையிலிருந்து நழுவியது.

"இன்னும் கெடைக்கல," என்றார். "நான் வேற... எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்க மேடம். அந்தப் பொண்ணு வாழ்க்கை கெட்டுப் போகணும்னு நான் நெனைக்கல. ஆனா முதலாளி சொன்னா நான் இன்னா பண்றது?"

"வெள்ளிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"பள்ளிவாசல்ல. என் பக்கத்துல நாலு பேர். கேட்டுப் பாருங்க. பயான் பாதியிலேயே மைக் வேற புட்டுக்குச்சு. பின்வரிசைல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல, ஒரே பேஜாரு. முடிச்சுட்டு ஓடி வர்றேன், இங்க கூட்டம்."

சமீருல்லாவின் புருவம் மேலே போயிற்று. அம்பிகா அவன் காலை மிதித்தாள். புருவம் இறங்கியது.

"இந்தச் சீட்டெல்லாம் இல்லாம, நீங்களா ஒரு கெமிக்கல் பேரை எழுதணும்னா எப்படி எழுதுவீங்க?" என்றாள்.

"எனக்கு கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாது மேடம். மூட்டைல இன்னா அச்சடிச்சிருக்கோ அதைப் பாத்து எழுதுவேன்." பக்கத்து மூட்டையைத் தட்டினார். வாய் பிரிந்து பாதி மடித்து வைத்த மூட்டை. மடிப்புக்கு வெளியே தெரிந்தது இரண்டே இரண்டு எழுத்து: ₂S.

அம்பிகா குனிந்து அந்த மடிப்பை விரித்தாள். Na₂S. மறுபடி மடித்தாள். ₂S. விரித்தாள். மடித்தாள். மூட்டை ஏதோ புத்தகம் போல.

"அக்கா, அது கதை சொல்லாது, விடுங்க," என்றான் சமீருல்லா.

"சொல்லிடுச்சு," என்றாள் அம்பிகா. "வா, வெளிய போய்ச் சாப்பிடலாம். நாம இங்க நின்னா யாரும் எதையும் தேட மாட்டாங்க."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஒரு பொண்ணு தலை போகுது, இவங்க சோறுங்கறாங்க! சரி, வர்றேன்."

அவர்கள் சாப்பிட்டார்களா? சாப்பிடவில்லை கண்ணுங்களா. பைபாஸ் ஓரக் கடையில் இலையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் ஆறிப் போயிற்று.

மூன்றே காலுக்கு போன் வந்தது. வக்கார் அகமது. "மேடம், கெடைச்சிடுச்சு."

அதே ஐந்து பேர், அதே அறை. மேஜை மேல் கம்பி. அதன் அடியில், வெள்ளிக்கிழமைச் சீட்டுகளுக்கு நடுவே, ஒரு சீட்டு. அம்பிகா உருவினாள். 'லைம் யார்டு' என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே (Na)₂S. எழுதியவர் M.

"காலைல நூறு தடவை தேடினேன், கண்ணுலயே படல," முனீர் முணுமுணுத்தார்.

"நீ தேடுற லட்சணம் அப்படி. நான் வந்து கம்பியத் திருப்பினதும் கெடைச்சுது," என்றார் வக்கார். "பாருங்க மேடம், வளையம் ஒழுங்கா இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே."

"ஆமா சார். நான் சொன்ன மாதிரியே." அம்பிகா சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "கேஸ் முடிஞ்சது. ரிப்போர்ட் எழுதிடலாம்."

முபஷ்ஷிரா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "மேடம், நான் அதை எழுதல! நீங்க ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

"உக்காரும்மா."

"எங்க அப்பாகிட்ட சனிக்கிழமையே முதலாளி போன் பண்ணிச் சொல்லிட்டார் மேடம், உன் பொண்ணு ஒருத்தனைக் கொல்லப் பாத்தாள்னு. ரெண்டு நாளா அவர் என்கூடப் பேசல. என் புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்மேல போட்டுட்டார். நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"உக்காருன்னேன்ல." குரலில் கடுமை, ஆனால் கை அவள் தோளை மெதுவாக அழுத்தியது. "சார், ரிப்போர்ட்டுல ஒரு வரி உங்க கைப்பட வேணும். பேரல்ல இருந்தது இன்னா கெமிக்கல், ஃபார்முலாவோட. முனீர் பாய், நீங்க சாட்சி, நீங்களும் தனியா ஒரு தாள்ல எழுதுங்க. எனக்கு இந்த சமாசாரமெல்லாம் தகராறு."

முனீர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, Na₂S என்று எழுதினார். "மூட்டைல இப்படித்தான் மேடம்."

வக்கார் யோசிக்கவேயில்லை. தங்க மூடி போட்ட பேனாவைத் திறந்து ஒரே இழுப்பாக எழுதினார்: (Na)₂S. முனீரின் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏம்ப்பா, காலைலதானே அந்தப் பொண்ணு பாடம் நடத்திச்சு? ரெண்டு வந்தா வளையம்."



அம்பிகா இரண்டு தாளையும், உள்ளங்கையிலிருந்த சீட்டையும் முபஷ்ஷிராவின் முன்னால் வரிசையாக வைத்தாள். "இப்போ சொல்லும்மா. காலைல நான் நிறுத்தினேன் பாரு, 'ஆனா'ன்னு, அங்க இருந்து."

முபஷ்ஷிரா மூன்றையும் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது.

"ஆனா," என்றாள், "சோடியம் குடும்பம் இல்ல மேடம். ஒத்தை ஆள். ரெண்டு வந்தா வளையம் இல்ல. பல அணு சேந்து நிக்கிற ஒரு கூட்டம் ஒரு தடவைக்கு மேல வந்தாத்தான் வளையம். ஒத்தை ஆள் எத்தனை தடவை வந்தாலும் பக்கத்துல நம்பர் போட்டா போதும். முனீர் பாய் எழுதினதுதான் சரி. கெமிஸ்ட்ரி படிச்ச யாரும் சோடியத்துக்கு வளையம் போட மாட்டாங்க."

"படிக்காதவங்களும் போட மாட்டாங்க. மூட்டையப் பாத்து எழுதிடுவாங்க," என்றாள் அம்பிகா. "அப்போ யார் போடுவாங்க? காலைல இந்த ரூம்ல நின்னு பாதிப் பாடம் கேட்டு, அதை நம்பினவர் மட்டும். இந்தச் சீட்டு வெள்ளிக்கிழமை எழுதினது இல்ல சார். இன்னிக்கு, பதினோரு மணிக்கு அப்புறம் எழுதினது. நான் சொல்லிக் குடுத்த தப்பு அப்படியே இருக்கு. உங்க கைப்படவும் இருக்கு."

வக்கார் அகமதுவின் பேனா மூடி மேஜையில் உருண்டது. "இது... யார் வேணா எழுதியிருக்கலாம். இந்த முனீர்..."

"முனீர் பாய் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல இருந்தார்," என்றான் சமீருல்லா. முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "மைக் புட்டுக்கிட்டதைக் கூடச் சொன்னார். உங்களுக்கு மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டிருக்கு சார்."

முனீர் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்தில் அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"உங்க மேஜைல ஃபோன் இருக்கு. நெட்டுல தட்டிப் பாத்திருந்தா சரியா எழுதியிருப்பீங்க," என்றாள் அம்பிகா. "தெரியாதவங்கதான் தட்டிப் பாப்பாங்க. நீங்க ஒரு வருஷம் படிச்சவர்."

வக்கார் உட்கார்ந்தார். காலையிலிருந்து அந்த மனுஷன் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"ஷிப்மென்ட் போகணும்," என்றார் தரையைப் பார்த்து. "மத்தவங்களை நான்தான் தொழுகைக்கு அனுப்பினேன். ஒரு பேரல்தானே, நானே நிரப்பிடலாம்னு. ஜும்மாவ விட்டேன். ஜன்னல் பெட்டியில சீட்டு இருந்துச்சு. அதுல வளையத்துக்குப் பக்கத்துல ரெண்டு, எஸ்... மடிச்சு வெச்ச மூட்டைல ரெண்டு, எஸ் தெரிஞ்சுது. அதையே கொட்டிக் கரைச்சிட்டேன். மடிப்பைக்கூடப் பிரிக்கல. கீழ கையெழுத்தும் போட்டேன். சுப்பராயன் விழுந்ததும் ஓடிப்போய் முதல்ல அந்தச் சீட்டைப் பிச்சுட்டு, அவ பேர்ல வேற சீட்டு எழுதிக் கட்டினேன். அவனைப் பாக்கல. சீட்டைத்தான் பாத்தேன்."

 வெளியே டிரம்கள் உருண்டுகொண்டேயிருந்தன.

"ஸ்டேஷனுக்கு நீங்களாப் போறீங்களா, நான் ரிப்போர்ட்டோட வரட்டுமா?" என்றாள் அம்பிகா.

"நானே போறேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றாள் முபஷ்ஷிரா. துப்பட்டா இப்போது அவள் விரலில் இல்லை. மேஜையிலிருந்த அவருடைய போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் முன்னால் வைத்தாள். "எங்க அப்பா. சனிக்கிழமை எந்த வாயால சொன்னீங்களோ அதே வாயால சொல்லுங்க. அடுத்து சுப்பராயன் அண்ணன் சம்சாரம் பூவம்மா அக்காகிட்டயும் சொல்லணும். அவங்க ஆஸ்பத்திரி வாசல்ல என்னைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

போன் அடித்தது. இரண்டு, மூன்று. சமீருல்லா நாலாவது பேடாவை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டான். எதிர்முனையில் ஒரு இருமல். "சொல்லுங்க சாப்," என்றது தளர்ந்த குரல். "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்களா?"

வக்கார் அகமது இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"பாய், உங்க பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. நான்தான் படிக்கத் தெரியாமப் படிச்சிட்டேன்."

 எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம். அதன் மேல் யாரோ ஏறும் சத்தம். பரண்மேலிருந்து ஏதோ கனமானது இறங்குகிற சத்தம். முபஷ்ஷிரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேடா அவள் கைக்குப் போயிற்று.

அவ்வளவுதான் கண்ணுங்களா. சுப்பராயன் பிழைத்தானா என்று கேட்பீங்க. பிழைத்தான், பத்தாம் நாள் குழாயை எடுத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை டீ. நீங்க எழுந்து போய் அடுப்பைப் பாருங்க. ஒன்றாய்க் கை கோத்து நிற்கிற உங்க குடும்பத்தைச் சுற்றி ஒரு வளையம் எப்பவும் இருக்கட்டும். உங்க வீட்டுப் பெண்பிள்ளைகள் பேசும்போது 'ஆனா'வுக்கு அப்புறமும் கேட்கிற காது உங்க வீட்டில் இருக்கட்டும். உங்க வீட்டுப் புத்தகம் எதுவும் பரண் ஏறாமல், உங்க அடுப்பு அணையாமல், உங்க வாசல் நிறைந்து இருங்க. நல்லா இருங்க.